ஈக்களையும் நான்தான் வரைந்தேன்

விசாகப்பட்டினம்
14 ஜூன் 1952

அன்புள்ள தங்கை குணசுந்தரிக்கு அண்ணன் கோதண்டம் எழுதுவது.

நேற்று அம்மாவை இங்கே பார்த்தேன். பயந்துவிடாதே, ஆள் இல்லை, படம். கப்பல் பட்டறையில் கையில் சூடு பட்டுவிட்டது. கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய கலர் நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் மீன் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இடது புருவத்தில் அதே தழும்பு. வெயில் அடித்தால் வலது கண்ணை மட்டும் சுருக்குவாளே, அதே பார்வை. கூடை முழுக்க ஈ. தோளில் ஈ. உதட்டோரத்தில் ஒரு ஈ.

கீழே தெலுங்கில் எழுதியிருந்தது. மூன்று வருஷத்தில் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. "காலராவை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருபவள் இவளே! ஈ மொய்த்த மீனை வாங்காதீர்!"

பட்டறையில் என்னோடு வேலை செய்யும் நாகர்கோவில்காரன் தாமஸ் கூட வந்திருந்தான். அவன் என்னவோ சொன்னான். நான் கட்டு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

சர்க்காருக்காக ஏதோ படம் வரைவதாகப் பொங்கலுக்கு எழுதியிருந்தாயே. அது இதுதானா? இல்லை என்று நீ எழுதினால் நம்பிக்கொள்கிறேன்.

கோதண்டம்


ராயபுரம்
23 ஜூன் 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

கை எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டாய் என்று தெரியும். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

அது நான் வரைந்ததுதான். ஆனால் நீ நினைப்பதுபோல் இல்லை. நடந்ததை எழுதுகிறேன், பிறகு கோபப்படு.

போன வருஷம் காலரா வந்ததும் நகரத்தில் ஒரு கமிட்டி போட்டார்கள். காலேஜிலிருந்து ஒரு பேராசிரியர், சுகாதார இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி, வண்ணாரப்பேட்டையில் கல்லில் படம் வரைந்து சினிமா போஸ்டர் அடிக்கிற அச்சகத்தின் முதலாளி. காலேஜ் ஆராய்ந்து சொல்ல வேண்டும், சர்க்கார் செலவழிக்க வேண்டும், அச்சகம் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி படம் போட வேண்டும். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்வது இந்த ஊரில் இதுதான் முதல் தடவை என்று பேராசிரியர் சொல்வார். அவருடைய மாணவர்கள் நம் குப்பத்துக்கு வந்து வீடு வீடாக விசாரித்தார்கள். அம்மாவிடமும் கேட்டார்கள். குப்பத்துக்கே ஒரு குழாய், அதிலும் பாதி நாள் தண்ணீர் வராது, அதுதான் வியாதிக்குக் காரணம் என்று அறிக்கையில் தெளிவாக எழுதினார்கள். அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, குழாய்க்கு அடுத்த வருஷம்தான் பணம் வரும், பிரசாரத்துக்கு இந்த வருஷமே இருக்கிறது, தமிழிலும் தெலுங்கிலும் அடித்து எல்லா ஜில்லாவுக்கும் அனுப்பலாம் என்றார்.

ஓவியப் பள்ளியில் கடற்கரைப் பக்கத்துப் பெண் நான் ஒருத்திதான். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள், அச்சகத்தில் வேலையும் கொடுத்தார்கள். அண்ணா, அந்த மேஜையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நான் முதலில் வரைந்தது குழாயடியில் மீன் கழுவுகிற ஒருத்தியை. சுத்தமான மீன், சுத்தமான கை என்று எழுதுவதாக இருந்தது. முகம் வேண்டும் என்று பென்சிலை எடுத்தால் எனக்கு அம்மா முகம்தான் வருகிறது. வேறு முகத்தை நான் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. பிறகு கமிட்டியில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். சிரிக்கிற படத்தை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், பயமுறுத்தினால்தான் நிற்பார்கள் என்றார் அச்சக முதலாளி. குழாயை எடுத்துவிட்டார்கள். ஈ வந்தது.

அம்மாவுக்கு வருத்தம் இல்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். காசிமேட்டு மீன் சந்தைச் சுவரில் ஒட்டியதும், "எம் பொண்ணு என்னியப் படம் போட்டுகீது, சர்க்காரு அச்சடிச்சிகீது" என்று எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறாள். "ஈயக்கூட வுடாம போட்டுகீது பாரு, மீனுன்னா ஈ இருக்காதா" என்கிறாள். இப்போதெல்லாம் அந்தச் சுவருக்குக் கீழேதான் கூடையை வைத்து உட்காருகிறாள்.

குணசுந்தரி


விசாகப்பட்டினம்
2 ஜூலை 1952

குணசுந்தரிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். குழாயை எடுத்துவிட்டார்கள் என்கிறாய், ஈ வந்தது என்கிறாய். ஈ தானாகப் பறந்து வந்து கல்லில் உட்கார்ந்ததா? யார் வரைந்தது?

அம்மாவுக்கு வருத்தம் இல்லையாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா? நீ சொன்னாயா? காலரா கொண்டுவருபவள் இவள் என்று எழுதி ஒட்டியதற்குக் கீழே உட்கார்ந்து அவள் மீன் விற்கிறாள். சந்தையில் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போகிறார்கள். நீயும்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உட்கார வைத்துப் படித்துக் காட்டு. அப்புறம் உன் கமிட்டியிடம் போய், அது என் தாயார் என்று சொல்லி எடுக்கச் சொல். எடுக்காவிட்டால் போகட்டும், சொல்லிவிட்டாவது வா.

உன்னைப் படிக்க வைக்க அவள் தலையில் சுமந்தது அந்தக் கூடைதான். இதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று இருக்கிறது.

கோதண்டம்


ராயபுரம்
20 ஜூலை 1952

அண்ணா,

ஈக்களையும் நான்தான் வரைந்தேன். அச்சுக் கல்லில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி வரைய வேண்டும், அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். அம்மா முகத்தைத் திருப்பிப் போட்டபோது அது யாரோ ஒருத்தியின் முகம்போல் இருந்தது. அந்தத் தைரியத்தில் வரைந்தேன். உதட்டோரத்து ஈ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கே தோன்றியது. பேராசிரியர் பார்த்துவிட்டு, "பிரமாதம், எங்கே பார்த்தீர்கள் இந்த முகத்தை?" என்றார். "சந்தையில் யாரோ" என்றேன்.

நீ சொன்னபடி அம்மாவை உட்கார வைத்தேன். அவள் ஆசையாக, "இன்னாடி, இன்னொரு படம் போடப் போறியா?" என்றாள். என்னால் ஆகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை யாருக்கும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உனக்கு எழுதாவிட்டால் வேறு யாருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை கமிட்டியார் ராயபுரத்தில் ஒரு சுகாதாரக் கண்காட்சி நடத்தினார்கள். பெரிய மனிதர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். நுழைவாசலில் என் படம். நான் அதன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி நேராக என்னைப் பார்த்து வந்தாள். பேராசிரியர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அடடே! அதே அம்மாள்!" என்று என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் மீன் விற்பவர் என்றேன்.

அம்மா காதில் விழுந்தது. அவள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை, அண்ணா. "ஆமா தொரே, அம்மா வூட்டாண்டதான் மீன் விக்கிறேன். நல்லா கீறீங்களாம்மா?" என்று என்னைக் கும்பிட்டாள். பெற்ற மகளை. நானும் கும்பிட்டேன்.

பேராசிரியர் நல்ல மனிதர், சந்தோஷத்தில் அவளைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து போட்டோ எடுக்கச் சொன்னார். அறிக்கையில் போடுவார்களாம். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காதவள்போல், "படிச்சவங்க எதுர்ல நம்ம கத எதுக்குன்னு வுட்டுட்டேன்டி" என்றாள். பிறகு, "ஆமா, அதுல இன்னாதான் எழுதிகீது? அந்தத் தொரைங்க நின்னு நின்னு படிச்சாங்களே" என்று கேட்டாள். "சுத்தமான மீன் வாங்குங்கள் என்று போட்டிருக்கிறது" என்றேன்.

நீ இனி என்ன எழுதினாலும் சரிதான்.

குணசுந்தரி


விசாகப்பட்டினம்
28 ஜூலை 1952

குணசுந்தரிக்கு,

எழுத ஒன்றும் இல்லை. நானாக இருந்தால் செத்தாலும் அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது. பெற்றவளை யாரோ என்று சொன்னவளுக்கு நான் மட்டும் எப்படி அண்ணன்? இனி எனக்குக் கடிதம் போடாதே. அம்மாவின் சேதியை அடுத்த வீட்டு ராசையா எழுதுவான்.

கோதண்டம்


ராயபுரம்
1 செப்டம்பர் 1952

அண்ணா,

எழுதாதே என்றாய். ஆனால் அம்மா வீட்டில் இல்லை. உன்னிடம் வந்துவிட்டாளா என்று தந்தி கொடுத்திருக்கிறேன். அதில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன்.

ஆடி பிறந்ததிலிருந்தே அவளுக்கு வியாபாரம் இல்லை. படத்தைப் பார்த்து, அவளைப் பார்த்து, ஜனங்கள் அடுத்த கூடைக்குப் போய்விடுகிறார்கள். காற்றுக் காலம், மீன் வரத்து இல்லை, அதான் என்று எனக்குச் சமாதானம் சொல்வாள். போன வியாழக்கிழமை மருந்து தெளிக்கிற ஆள் ஒருவன் வந்திருக்கிறான். படத்தையும் அவளையும் பார்த்துவிட்டு, "அது நீதானே?" என்று கேட்டிருக்கிறான். அவளும் பெருமையாக, "நான்தான் நைனா" என்றாளாம். அவன் கூடையில் இருந்த மீன் முழுவதிலும் பினாயிலை ஊற்றிவிட்டான்.

வண்ணாரப்பேட்டை ஷம்ஷாத் பீபி, வாரம் தவறாமல் அம்மாவிடம் வாங்குகிறவர், அவனோடு சண்டை போட்டிருக்கிறார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா பீபி, நான் இன்னா செஞ்சேன்?" என்று கேட்டிருக்கிறாள். பீபிக்கு அழுகை வந்துவிட்டதாம். "உனக்கு ஒருத்தரும் சொல்லலையா பவுனு?" என்று சொல்லி, அந்த இரண்டு வரியையும் படித்துக் காட்டியிருக்கிறார்.

இதையெல்லாம் பீபி நேற்று வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா அன்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போதும்போல் சோறு போட்டாள். "நாளைக்கு அண்ணனைப் பாக்கணும்போல கீது" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் நான் அச்சகத்திலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது, சாவி பக்கத்து வீட்டில் இருந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதை நீ தெரிந்துகொண்டு பேச வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். உன் பக்கத்தில் இருந்தால் எனக்கு நிம்மதி. நீ ஒருவனாவது அவளிடம் நேராக நடந்துகொள்வாய்.

குணசுந்தரி


விசாகப்பட்டினம்
5 செப்டம்பர் 1952

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா இங்கே வந்தாள், இங்கிருந்து கிளம்பியும் விட்டாள். இது உன் கைக்கு வரும்போது அவள் ராயபுரத்தில் இருப்பாள். இங்கே இருக்கிறாள் என்று உன் தந்திக்கு இரண்டு வார்த்தையில் பதில் கொடுத்தேன், ஆனால் உன் கடிதம் அவள் ரயில் ஏறிய மறுநாள்தான் எனக்கு வந்தது. அதனால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது, கேள்.

உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் தாமஸ் என்னவோ சொன்னான் என்று விட்டிருந்தேன். "மூஞ்சியைப் பாரு, இதைப் பார்த்தாலே வாந்திபேதி வந்துரும்" என்றான். நான் சிரித்தேன். அவனைவிடச் சத்தமாகச் சிரித்தேன். அன்றிலிருந்து பட்டறையில் அது ஒரு பேச்சாகிவிட்டது. யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் கூடைக்காரி வந்தாளா என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். இதை வைத்துக்கொண்டுதான் உனக்கு அந்தக் கடிதங்களை எழுதினேன்.

அம்மா ஸ்டேஷனில் வந்து இறங்கியதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. இவளை எந்த வழியாகக் குடியிருப்புக்குக் கூட்டிப் போவது என்ற யோசனைதான் வந்தது. பட்டறை வாசலில் ஷிப்ட் விடுகிற நேரம். ரயில் பாதை ஓரமாக, சேற்றில் நடத்திக் கூட்டிப் போனேன். "வெயில் ஜாஸ்தி, முக்காடு போட்டுக்கோம்மா" என்றேன். வானம் மூடிக்கிடந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் முக்காடு போட்டுக்கொண்டாள்.

நாலு நாள் இருந்தாள். நான் அவளை வெளியே அழைத்துப் போகவில்லை. கடைசி நாள், "ஒன் கையிக்கு மருந்து போட்டாங்களே, அந்த ஆஸ்பத்திரியக் காட்டு நைனா" என்று அவளே கிளம்பினாள். அதே ஜன்னல், அதே சுவர். படத்துக்கு நேராகப் போய் நின்றாள். தொட்டுப் பார்த்தாள். "இங்கியும் கீறேனா" என்றாள். அப்புறம் கீழே இருந்த தெலுங்கு எழுத்தைக் காட்டி, "இதுல இன்னா எழுதிகீது, நீ படிச்சுச் சொல்லு" என்றாள்.

சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சுத்தமான மீனா வாங்கச் சொல்லுது" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி படிக்கிறீங்க" என்றாள். அன்று சாயங்கால வண்டிக்கே புறப்பட்டுவிட்டாள். ஸ்டேஷனுக்குப் பட்டறை வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று நின்றாள். கூட வந்தேன். தாமஸ் அங்கே நின்றான், அவளைப் பார்த்தான், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். நான் யார் என்று அவனுக்கு அப்போது புரிந்துவிட்டது. நான் சொல்லிப் புரியவில்லை.

உன்னைத் தங்கை என்று எழுத எனக்கு யோக்கியதை இருந்தால் எடுத்துக்கொள்.

கோதண்டம்


ராயபுரம்
5 அக்டோபர் 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா வந்து சேர்ந்தாள். வீட்டுக்கு வரவில்லை. ரயிலை விட்டு இறங்கி நேராகச் சந்தைக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, அதே சுவருக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். போனேன். சந்தை நிறைய ஜனம்.

"படிங்க" என்றாள் படத்தைக் காட்டி. யாரைச் சொல்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். "எல்லாருக்கும் கேக்கறாப்பல படிங்கம்மா. நீங்கதானே எழுதுனீங்க."

படித்தேன். முதல் தடவை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கேக்கல" என்றாள். மறுபடி படித்தேன். சந்தையில் மீன் வெட்டுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "காலேஜு புள்ளைங்க வந்து கேட்டுகினு போச்சே, அதுங்ககிட்ட கொழாயைப் பத்தித்தானே நான் சொன்னேன். அது எங்கனா எழுதிகீதா?" என்றாள்.

"இல்லைம்மா" என்றேன்.

"சரி, போங்க. வேலைக்கு நேரமாச்சு" என்றாள்.

அன்று கமிட்டி கூடுகிற நாள். போய்ச் சொன்னேன். அந்தப் படத்தில் இருப்பவர் என் தாயார், யாரோ என்று உங்களிடம் பொய் சொன்னேன், குழாயைப் பற்றி அவர் சொன்னது எங்கே என்று கேட்கிறார் என்றேன். பேராசிரியர் தம் அறிக்கையை எடுத்துப் புரட்டினார். பிறகு, "அதை நான் எழுதினேன், ஆனால் கேட்காமல் விட்டுவிட்டேன்" என்றார். அதிகாரி தம் காகிதத்தில் குறித்துக்கொண்டார். கல்லைத் தேய்த்து வேறு படம் போட்டாயிற்று, ஒட்டினது ஒட்டினதுதான், மழையில் போய்விடும் என்றார் அச்சக முதலாளி. காரசாரமாக யாரும் பேசவில்லை. என் நாற்காலியும் அப்படியே இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். விடுவதாக அம்மாவிடம் சொன்னேன். "வுடாதீங்க. அந்த மேஜைக்கு நம்ம ஆளு போறதே பேஜாரு. நீங்க எழுந்தா அங்க யாரு குந்துவாங்க? ஒக்காந்து கொழாயக் கேளுங்க" என்றாள். போகிறேன். கேட்கிறேன். இன்னும் ஒரு பதிலும் இல்லை.

வீட்டில் சோறு போடுகிறாள், தலைவலி என்றால் சுக்கு அரைத்துப் போடுகிறாள். எல்லாவற்றுக்கும் வாங்க, போங்கதான். கோபமாகச் சொன்னால் அழுதாவது தீர்ப்பேன். மரியாதையாகச் சொல்கிறாள்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவரு நல்லாத்தான் கீறாரு" என்றாள். உனக்கும் அதேதான் அண்ணா. தீபாவளிக்கு வா. வந்து என்னோடு இதைச் சேர்ந்து வாங்கிக்கொள்.

இப்போது வேலை முடிந்ததும் சந்தைக்குப் போய் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. மீன் கழுவத் தண்ணீர் எடுத்து வருகிறேன், பாதி நாள் குழாயில் வருவதில்லை. நேற்று ஒரு புது அம்மாள் வந்தார், ரயில்வே காலனியில் குடிவந்தவராம். சுவரையும் அம்மாவையும் பார்த்துவிட்டு, என் சேலையையும் செருப்பையும் பார்த்தார். "நீங்க யாரும்மா இங்கே?" என்று கேட்டார்.

"நான் இவங்க பொண்ணு" என்றேன். என் குரல் கொஞ்சம் அதிகமாகவே எழும்பிவிட்டது. பக்கத்துக் கூடைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மாள், "அப்படியா?" என்று அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மா இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. கூடையை அவர் பக்கம் நகர்த்தி, "சங்கரா போடட்டா, கெளங்கா போடட்டா?" என்று கேட்டாள்.

உன் தங்கை
குணசுந்தரி